வட்டார உச்சரிப்பும் வேலைவாய்ப்பும்: பிரிட்டன் சட்டம் எதுவரை துணைநிற்கும்?

பர்மிங்ஹாமில் வளர்ந்தவர் ‘டைம்’ என்னும் சொல்லை ஏறத்தாழ ‘டொய்ம்’ என ஒலிப்பதும், லீட்ஸில் வளர்ந்தவர் ‘பஸ்’ என்பதைப் ‘புஸ்’ என்பதற்கு நெருக்கமாக ஒலிப்பதும் அவரவர் ஊரில் எவர் காதையும் உறுத்துவதில்லை; அதே பேச்சு லண்டனின் நேர்காணல் அறைக்குள் நுழையும்போதுதான் எடைபோடப்படுகிறது. வட்டார உச்சரிப்பு என்பது ஒரு பகுதி மக்களுக்குப் பொதுவான ஒலிப்புமுறையேயன்றி, இலக்கணப் பிழையோ தெளிவின்மையோ அன்று. ஆயினும், பேசுபவரின் ஊரைக் காட்டிக்கொடுக்காத மேட்டுக்குடி உச்சரிப்பே பள்ளிகள் வழியாகவும் வானொலி வழியாகவும் தரமானதென நிலைபெற்றுவிட்டமையால், 1941இல் யார்க்‌ஷயர் உச்சரிப்புடைய வில்ஃப்ரட் பிக்கிள்ஸை பிபிசி தேசியச் செய்தி வாசிக்க அமர்த்தியபோது நேயர்களிடையே எதிர்ப்பு எழுந்தது.

இந்த மதிப்பீடு எளிதில் மாறுவதில்லை. 1970இல் ஹோவர்டு கைல்ஸ் வெளியிட்ட ஆய்விலும், ஏறத்தாழ ஐயாயிரம் பேரிடம் கருத்துக் கேட்டு 2007இல் வெளிவந்த ஆய்விலும் பர்மிங்ஹாம் உச்சரிப்பு அடிமட்டத்திலேயே இருந்தது. ஆனால், அந்த ஊரைப் பற்றி ஏதும் அறியாத அமெரிக்கர் அதே பேச்சைக் கேட்கும்போது அவ்வாறு தாழ்த்துவதில்லை என்பதால், குறை ஒலியில் இல்லை, ஊரைப் பற்றிக் கேட்பவர் மனத்தில் முன்பே படிந்துள்ள எண்ணத்தில்தான் இருக்கிறது என்பது விளங்கும். விளைவுகள் அற்பமானவையல்ல: காவல்துறை விசாரணை போன்ற ஒலிப்பதிவைக் கேட்கச்செய்த 2002ஆம் ஆண்டு ஆய்வொன்றில், பர்மிங்ஹாம் உச்சரிப்பில் பேசிய சந்தேக நபரைக் குற்றவாளியெனக் கருதும் போக்கு மிகுந்திருந்தது, 2022இல் சட்டன் அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கையின்படி, வட இங்கிலாந்திலிருந்து வந்த பல்கலைக்கழக மாணவர்களுள் 41 விழுக்காட்டினர் தம் உச்சரிப்பு எதிர்கால வெற்றிக்குத் தடையாகுமென அஞ்சினர்.

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகியவற்றில் நடைமுறையிலுள்ள 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், பாகுபாடு காட்டக் கூடாத அடிப்படைகளாக வயது, பால், சமயம் முதலிய ஒன்பது தன்மைகளை வரையறுக்கிறது. உச்சரிப்பும் சமூக வர்க்கமும் அவற்றுள் இல்லை. இனம் என்னும் தன்மைக்குள் நிறம், குடியுரிமை, இன மூலம், தேசிய மூலம் ஆகியவை அடங்குவதாலும், ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்தியரும் வெவ்வேறு தேசிய மூலத்தினர் என நீதிமன்றங்கள் ஏற்றிருப்பதாலும், லண்டனில் தம் பேச்சுக்காக ஒதுக்கப்படும் கிளாஸ்கோக்காரருக்கு வழக்கிட வாய்ப்புண்டு. பக்கத்து மேசையில் அதே காரணத்துக்காக ஒதுக்கப்படும் லிவர்பூல்காரருக்குப் பெரும்பாலும் இல்லை. சட்டம் தேசத்தைக் காண்கிறது, மாவட்டத்தைக் காண்பதில்லை என்பது விந்தையே.

வெளிநாட்டு உச்சரிப்புடையோரின் நிலை சற்று வலுவானது. பிரேசில் நாட்டவரான பல்கலைக்கழக ஊழியர் ஒருவரின் வழக்கில், ஒருவரின் உச்சரிப்பு அவருடைய தேசிய அல்லது இன அடையாளத்தின் கூறாக இருக்கக்கூடுமாதலால் அதைப் பற்றிய பேச்சு இனம் சார்ந்த துன்புறுத்தலாக அமையலாம் என்றும், அதற்குப் பேசியவரிடம் இனப்பகை இருந்ததென மெய்ப்பிக்கத் தேவையில்லை என்றும் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024இல் விளக்கியது. இலங்கையிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ அங்குச் சென்று பணிபுரியும் தமிழர்க்கும் இவ்விளக்கம் பொருந்தும். எனினும், பேச்சு புரிகிறதா என வேலையின் தேவை கருதி நியாயமாகக் கேட்பது குற்றமாகாது. புரியும் பேச்சை ‘மெருகு போதாது’ என்று தள்ளுவதுதான் சிக்கலுக்குரியது.

பாதிக்கப்பட்டவர், சொல்லப்பட்டதைச் சொன்னபடியே, நாளுடனும் உடனிருந்தோர் பெயருடனும் எழுதிவைத்து, நிறுவனத்துக்கு எழுத்து வடிவில் முறையிட வேண்டும். தீர்ப்பாயத்துக்குச் செல்லுமுன், தொழில் தகராறுகளில் சமரசம் செய்யும் பொது அமைப்பான ஆக்காஸிடம் பதிவு செய்வது பொதுவாகக் கட்டாயம். நெடுங்காலமாக இருந்துவரும் காலவரம்பு, நிகழ்வு நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்பதாகும். நிறுவனத்தின் உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருப்போர் அதைத் தவறவிடுவதுண்டு என்பதால், நடப்பு வரம்பைத் தொடக்கத்திலேயே ஆக்காஸிடம் கேட்டறிவது நல்லது. சட்டத்தின் நிழல் எட்டாத லிவர்பூல்காரருக்கு நிறுவனத்தின் நடத்தை விதிகளும் தொழிற்சங்கமுமே கைகொடுக்கக்கூடியவை. அவற்றுடன், மதிப்பிடுவதற்குச் சற்றுமுன் உச்சரிப்புச் சார்பைப் பற்றித் தேர்வாளர்களை எச்சரிக்கும் குறிப்பொன்று அச்சார்பைக் குறைக்கிறது என அந்நாட்டு ஆய்வாளர்கள் கண்டுள்ளமையால், நேர்காணல் படிவத்தின் தலைப்பில் அதைச் சேர்க்குமாறு மனிதவளத் துறையிடம் கோரலாம்.