நாற்பது மில்லிமீட்டர் டயரும் நாஞ்சில் நாட்டுச் சரளையும்

மீன்காரரும் பால்காரரும் ஓட்டிய பழைய சைக்கிளின் டயரில் பக்கவாட்டைப் பார்த்தால் 28 × 1½ என்ற எண் தடித்து நிற்கும். மெட்ரிக் கணக்கில் அதே டயர் 40–635. ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர். டயரின் அகலம் 40 மில்லிமீட்டர். இன்று பெருநகரக் கடைகளில் லட்சக்கணக்கில் விலை சொல்லும் ‘கிராவல் பைக்’குகளின் டயர் அகலமும் பெரும்பாலும் இந்த நாற்பதை ஒட்டியே இருக்கிறது. அரை நூற்றாண்டுக் காலம் ஒல்லி டயர்களின் பின்னால் ஓடிய சைக்கிள் உலகம் அகல டயருக்கு ஏன் திரும்பியது என்ற கேள்விக்கு, குமரி மாவட்டத்து மண்ணிலேயே விடை கிடைக்கும்.

கிராவல் பைக் என்பது பந்தய சைக்கிளின் வளைந்த ஹேண்டிலும் மலை சைக்கிளின் துணிச்சலும் கலந்த வண்டி. தார் சாலை, மண் பாதை, சரளைக்கல் தடம் எல்லாவற்றிலும் ஒரே நாளில் ஓட்டலாம். இத்தாலியின் கியாந்தி மலைப் பகுதியில் 1997-இல் பழைய சைக்கிள்களோடு வெண்மண் சாலைகளில் ஓட்டும் ‘லெரோய்கா’ விழா தொடங்கியது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006-இல் 200 மைல் சரளைப் பந்தயம் பிறந்தது. 2022-இல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் முதல் உலக சாம்பியன் போட்டியும் நடந்துவிட்டது. ஸ்பெயினின் ஜிரோனா போன்ற, மத்தியதரைக் கடலுக்கு அருகிலுள்ள ஊர்கள் இந்த ஓட்டத்துக்குப் பெயர் பெற்றதற்குக் காரணம் நில அமைப்பு. காலையில் கடல், மதியத்துக்குள் மலை.

குமரியிலும் அதே வசதி உண்டு. குளச்சல் கடற்கரைக்கும் பேச்சிப்பாறை அணைக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அதற்குள் கடல் மணல், செந்தேரி, வயல் வரப்பு, செம்மண் சரளை, ரப்பர் தோட்டம், மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிச் சரிவு என்று நிலம் மாறிக்கொண்டே போகிறது. ஒவ்வொன்றும் டயரிடம் வேறு வேறு கேட்கிறது.

மணல் ஏன் இழுக்கிறது?

ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நல்ல தார் சாலையில் உருளும்போது, உருள் தடையைச் சமாளிக்க 17 வாட் அளவுக்குத் திறன் போதும். இறுகிய சரளைப் பாதையில் இது 50 வாட்டைத் தொடும். காய்ந்த கடல் மணலில் 350 வாட்டையும் தாண்டும். பயிற்சியில்லாத ஆரோக்கியமான ஒருவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடியது 100 வாட் சுமாருக்குத்தான். மணவாளக்குறிச்சி கடற்கரையில் சைக்கிளை இறங்கித் தள்ளுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சக்கரம் மணலில் புதைகிறது. புதைந்ததும் முன்னால் ஒரு மேடு எழுகிறது. அதை ஏற முயலும்போதே அடுத்த மேடு எழுகிறது. சமதளத்திலேயே ஓயாமல் மலையேறும் நிலைமை. அலை நனைத்துப் போன ஈர மணலிலோ சக்கரம் ஓரளவு ஓடும். மணிகளுக்கு நடுவே நிற்கும் நீரின் பரப்பு இழுவிசை அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வதே காரணம். தண்ணீர் மிகுந்து இடைவெளி முழுக்க நிரம்பிவிட்டால் அந்தப் பிடிப்பும் போய்விடும்.

மணவாளக்குறிச்சி மணல் கறுத்திருப்பது இல்மனைட்டால். சாதாரண வெண்மணலின் குவார்ட்ஸ் தண்ணீரைப் போல 2.65 மடங்கு அடர்த்தி கொண்டது. இல்மனைட் ஏறக்குறைய 4.7 மடங்கு. எடை குறைந்ததை அலை திரும்ப இழுத்துச் செல்ல, கனமானது கரையில் தங்குகிறது. கார்னெட், சிர்கான், மோனசைட் எல்லாம் இப்படிச் சேர்ந்தவையே. 1909-இல் ஜெர்மானிய வேதியியலர் ஷோம்பர்க் இங்கே மோனசைட்டைக் கண்டறிந்த பிறகு இந்த மணல் உலகச் சந்தைக்குப் போனது. இந்த மணிகளின் பிறப்பிடம் மலைப்பாறைகள். கரையிலிருந்து மலை நோக்கிப் போகிறவர் மணல், சரளை, பாறை என்று கல்லின் கதையைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போகிறார்.

முட்டத்தின் செந்தேரி இன்னொரு வகை. காற்று கொண்டுவந்து குவித்த மணலின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்து சிவந்திருக்கிறது. மணிகளுக்கிடையே நுண்களிமண்ணும் இருப்பதால், மழை பெய்து காய்ந்த பிறகு அதன் மேற்பரப்பு ஓரளவு இறுகி நிற்கும். அதே மழை அறுத்த ஓடைகளும் அங்கே நிறைய. கவனமில்லாமல் இறங்கினால் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும்.

காற்றைக் குறைத்தால் வேகம் கூடுமா?

டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய சுமையை அழுத்தத்தால் வகுத்தால் கிடைக்கும். பின்சக்கரத்தில் 47 கிலோ சுமை என்றால், 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தொடு பரப்பு 7 சதுர சென்டிமீட்டர், 40 பி.எஸ்.ஐ.யில் 17. பரப்பு கூடினால் மண்ணில் புதைவது குறையும், பிடிப்பு கூடும். இதுவரை எவரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் டயர் கல் மாதிரி இருந்தால்தான் சைக்கிள் பறக்கும் என்ற நம்பிக்கை ஊர் முழுக்க உண்டு. பந்தய உலகமும் நெடுங்காலம் அதையே நம்பியது.

அந்த நம்பிக்கைக்கு ஓர் ஆதாரமும் இருந்தது. ஆய்வகத்தில் வழுவழுப்பான இரும்பு உருளை மேல் டயரைச் சுழற்றினால், அழுத்தம் கூடக் கூட இழப்பு குறையும். டயர் நசுங்கி நிமிரும்போது வெப்பமாக வீணாகும் ஆற்றல் குறைவதே காரணம். உண்மையான சாலையில் இன்னொரு இழப்பு சேர்கிறது. கெட்டியான டயர் ஒவ்வொரு கல்லின் மீதும் வண்டியையும் மனிதரையும் சேர்த்துத் தூக்கிப்போடுகிறது. அந்த அதிர்வை உடலின் தசைகள் வாங்கி வெப்பமாக மாற்றுகின்றன; அந்த ஆற்றலும் நாம் மிதித்ததிலிருந்து போனதுதான். கரடுமுரடான தரையில் வண்டி ஓட்டுபவரின் உடல் எவ்வளவு ஆற்றலை உறிஞ்சுகிறது என்பதை அமெரிக்க ராணுவத்தின் வாகன ஆய்வாளர்கள் 1960-களிலேயே அளந்தார்கள். சைக்கிள்காரர்கள் அதைக் கணக்கில் எடுத்தது இந்த நூற்றாண்டில். மென்மையான டயர் கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு கடந்துவிடும்; மனிதர் மேலும் கீழும் போகாமல் முன்னால் மட்டும் போகிறார்.

காற்றடைத்த டயரின் வரலாறும் இதே பாடத்தில்தான் தொடங்கியது. ராபர்ட் தாம்சன் 1845-இல் காப்புரிமை பெற்ற யோசனை மறக்கப்பட்டது. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓடுவதற்காக அதை மறுபடி உருவாக்கினார். மறு ஆண்டே அந்த டயரோடு வில்லி ஹ்யூம் என்பவர் பந்தயங்களில் வென்றார். சொகுசுக்காகச் செய்தது வேகத்தையும் தந்தது.

காற்றைக் குறைப்பதற்கும் எல்லை உண்டு. அளவுக்கு மீறிக் குறைந்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும்.

சரளையும் சானல் கரையும்

கல்குளம், விளவங்கோடு பக்கம் ஏறினால் தரை சிவக்கிறது. வெப்பமும் மழையும் பாறையின் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் ஆக்சைடுகளாக மிஞ்சி உருவாகும் மண் இது. கேரளத்தின் அங்காடிப்புரத்தில் வெட்டிச் செங்கல்லாகப் பயன்படுத்தியதைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807-இல் வெளிவந்த தன் நூலில் இதற்கு லேட்டரைட் என்று பெயரிட்டார். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் குமரியின் மேற்குப் பகுதி இதற்கு ஏற்ற இடம். கெட்டியான அடித்தளத்தின் மேல் இதன் உருண்டைக் கற்கள் உதிர்ந்து கிடக்கும்போது, டயருக்கும் தரைக்கும் நடுவே அவை பால்பேரிங் குண்டுகளாக உருளும். வளைவில் பிரேக் பிடித்தால் விழுவது உறுதி; வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும்.

உதிரி மண் பாதைகளில் குறுக்கே வரிவரியாக மேடு பள்ளம் உருவாவதும் இயற்பியலே. நிக்கோலா டாபர்லே, ஸ்டீபன் மோரிஸ், ஜிம் மக்கெல்வெய்ன் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வட்டமாகப் பரப்பிய மணலில் ஒரு சக்கரத்தை ஓடவிட்டார்கள். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் சமமான மணல் தானே வரிவரியானது. அந்த வேகத்துக்குக் கீழே வரிகள் தோன்றவில்லை.

நாஞ்சில் நாட்டின் அருமையான சைக்கிள் தடங்களைப் போட்டவர்கள் சாலைப் பொறியாளர்கள் அல்லர், பாசனப் பொறியாளர்கள். பேச்சிப்பாறை அணை 1906-இல் மின்சின் என்ற பொறியாளரின் பொறுப்பில் முடிந்தது. அதையும் பெருஞ்சாணி முதலிய அணைகளையும் நம்பிக் கிளைத்த கால்வாய்களின் ஓரத்தில் பல இடங்களில் மண் பாதை ஓடுகிறது. ஊர்க்காரர்களுக்கு அது சானல் கரை. கடைமடை வயல் வரை தண்ணீர் போக வேண்டுமானால், கால்வாய் உயரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும்; ஆகவே குன்றுகளைச் சுற்றி வளைந்து, மிக மெல்லிய சரிவில் போகும். மிதிப்பவருக்கு வேண்டியதும் அதுவே. 1966-இல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம் பறளியாற்றுப் பள்ளத்தை 115 அடி உயரத்தில், 28 தூண்கள் மேல், மட்டம் குலையாமல் கடக்கிறது. அந்த உயரத்தைப் பள்ளத்தில் இறங்கி ஏற, 85 கிலோ எடைக்கு ஏறக்குறைய 30 கிலோஜூல் வேலை செய்ய வேண்டும். மனித உடலின் செயல்திறன் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், உண்ட உணவிலிருந்து செலவாவது நாலு மடங்குக்கும் மேல்.

ரப்பர் காட்டில்

குலசேகரம் தாண்டினால் டயரின் தாய்வீடு. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன 70,000 விதைகளின் வழியாகத்தான் ரப்பர் ஆசியாவுக்கு வந்தது. தமிழ்நாட்டின் ரப்பர் மாவட்டம் குமரியே. அரசு ரப்பர் கழகம் 1984 முதல் இங்கே இயங்குகிறது. பால்வெட்டு விடியற்காலையில் நடப்பதற்குக் காரணம், இரவில் இலைகள் நீரை இழக்காததால் பட்டைக்குள் பால் நாளங்களின் அழுத்தம் உச்சத்தில் இருப்பது. அது 10 வளிமண்டல அழுத்தத்தையும் தொடக்கூடும். இன்றைய சாலைப் பந்தய டயரில்கூட அவ்வளவு காற்று அடிப்பதில்லை.

இழுத்து விட்டால் வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருவது இயற்கை ரப்பரின் குணம். லகுவாக உருளும் டயருக்கு அதுவே அடிப்படை. டியூப் இல்லாத கிராவல் டயர்களுக்குள் ஊற்றும் பஞ்சர் திரவத்திலும் பல வகைகளுக்கு மூலப்பொருள் ரப்பர் பால்தான். முள் குத்தியதும் காற்றோடு பீறிடும் பால் ஓட்டையில் உறைந்து அடைத்துவிடுகிறது. மரத்தில் பால் பிடிக்கும் கொட்டாங்கச்சியில் மிஞ்சிய பால் உறைந்து ஒட்டுப்பால் ஆவதும் பாலில் உள்ள ரப்பர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால்தான்.

ஏற்றமும் எதிர்க்காற்றும்

புதிய வண்டி உண்மையிலேயே முன்னேறியது கியரிலும் பிரேக்கிலும். பழைய சைக்கிளில் ஒரு முழு மிதிக்கு வண்டி பொதுவாக ஐந்தரை மீட்டர் போகும். கிராவல் பைக்கின் ஆகக் குறைந்த கியரில் இரண்டேகால் மீட்டருக்கும் குறைவு. அதே ஏற்றத்துக்கு மிதியில் கொடுக்க வேண்டிய விசை பாதிக்கும் கீழே இறங்குகிறது. நனைந்த குரோமிய ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும்; டிஸ்க் பிரேக் அவ்வளவாக மழைக்கு மசியாது. கோதையாறு, கீரிப்பாறைப் பக்கத்து இறக்கங்களில் இது உயிர் பற்றிய விஷயம். அங்கெல்லாம் 402 சதுர கிலோமீட்டர் வனவிலங்குச் சரணாலயம் தொடங்கிவிடுகிறது. யானை நடமாடும் காடு என்பதால் வனத்துறை அனுமதியின்றி நுழையக் கூடாது.

கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வேறு பரீட்சை வைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடைவெளியில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு பாய்வதால்தான் முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போக, காற்றுத் தடைக்கு 40 வாட் போதும். அதே வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் 160 வாட் வேண்டும். ஆடி மாதத்தில் நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக்குப் பறந்து போனவர், திரும்பும் வழியில் இந்த நாலு மடங்கை முழங்காலில் உணர்வார்.

பருவமும் பாதையும் நம் கையில் இல்லை. டயரின் காற்று நம் கையில் இருக்கிறது. அதைச் சரிபார்க்க அழுத்தமானிகூட வேண்டாம். வழக்கமான சுமையோடு ஏறி உட்காருங்கள். டயரின் உயரம் நூற்றுக்குப் பதினைந்து பங்கு அமுங்கினால் அளவு சரி என்பது சைக்கிள் பொறியியலில் பழகிய கணக்கு. நாற்பது மில்லிமீட்டர் டயருக்கு அது ஆறு மில்லிமீட்டர். பின்னால் மீன் கூடையோ தேங்காய் மூட்டையோ ஏறினால் கூடுதலாக அடிக்க வேண்டும். வெறுமனே சானல் கரையில் போவதென்றால் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். செலவே இல்லாத இந்த மாற்றம், குமரியின் சரளையில் எந்த வண்டியையும் கொஞ்சமாவது வேகமாக்கும்.