கண்ணாடி மாட்டாமல் முப்பரிமாணம்

பொங்கோலில் ஏறி லிட்டில் இந்தியா வரை வடகிழக்கு ரயிலில் வந்தால், கைத்தொலைபேசியில் படம் பார்க்காதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தச் சின்னத் திரையில் காட்சி புடைத்து நிற்க வேண்டும், கண்ணாடியும் மாட்டக் கூடாது என்றால்? 2013-லேயே சிங்கப்பூரில் அதற்கு ஒரு வழி கண்டார்கள். ஏ-ஸ்டார் ஆய்வு அமைப்பின் பொருளறிவியல் ஆய்வு, பொறியியல் கழகமும் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியும் சேர்ந்து ஒரு ஒட்டுப் படலத்தை உருவாக்கின. ‘ஐஃபிளை 3டி’ என்ற பெயரில் நானோவியூ என்னும் உள்ளூர் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நம் இரு கண்களுக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி. அதனால் ஒரே பொருளை இரண்டும் கொஞ்சம் வெவ்வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது. திரையரங்கில் எந்தப் படம் எந்தக் கண்ணுக்கு என்று பிரித்துக் கொடுப்பது கண்ணாடி. அது இல்லையென்றால் திரையே பிரித்தாக வேண்டும்.

ஒரு பக்கம் சாய்த்தால் முருகன், மறுபக்கம் சாய்த்தால் பிள்ளையார் தெரியும் சொரசொரப்பான சாமி படம் நினைவிருக்கிறதா? அந்தச் சொரசொரப்பு வரிவரியான லென்ஸ்கள்தான். அடியில் இரண்டு படங்களைக் கீற்றுக் கீற்றாக வெட்டி மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள். லென்ஸ் ஒவ்வொரு கீற்றின் ஒளியையும் தனித் திசைக்கு வளைத்துவிடும். கைத்தொலைபேசியிலும் இதே வித்தைதான். படத்தைச் சாய்க்க வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் ஒரு கண்ணுக்கு முருகன், மறு கண்ணுக்குப் பிள்ளையார்.

சொல்வது சுலபம், செய்வது பெரும்பாடு. அப்போதைய ஐபோன் 5 திரையில் ஒரு மில்லிமீட்டருக்குள் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட ஒளிப்புள்ளிகள். அவற்றின் மேல் லென்ஸ்கள் பிசகாமல் உட்கார வேண்டும். அதற்காக நானோ அச்சு முறையில், 0.1 மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத பிளாஸ்டிக் படலத்தில் சுமார் 5 லட்சம் லென்ஸ்களைப் பதித்தார்கள். சற்றே கோணலாக ஒட்டினாலும் இடக்கண்ணுக்கான கீற்று வலக்கண்ணுக்குப் போய்விடும், தலை வலிக்கும்.

2011-இல் வந்த எல்ஜி ஆப்டிமஸ் 3டி போன்ற கைத்தொலைபேசிகள் வேறு வழியில் போயின. லென்ஸுக்குப் பதில் மெல்லிய தடுப்புக் கோடுகள். வேண்டாத ஒளியை மறைத்துவிடுவதால் திரை மங்கும். லென்ஸ் ஒளியை மறைக்காமல் திசைதான் திருப்புகிறது என்பதால் எனக்கு அதுவே கெட்டிக்கார வழியாகப் படுகிறது. ஆனால் இரண்டிலும் திரையின் புள்ளிகளை இரு கண்களும் பங்குபோட்டுக்கொள்வதால் படத்தின் துல்லியம் குறையும்.

இவை எதுவும் சந்தையில் பெரிதாக நிலைக்கவில்லை. ரயில் குலுங்கும்போது யார் தொலைபேசியை அசையாமல் நேருக்கு நேர் பிடித்திருப்பார்கள்? தலை சற்று நகர்ந்தாலே காட்சி உடைந்துவிடுகிறது. இதைச் சமாளிக்க, 2023-இல் வந்த நூபியா பேட் 3டி கைக்கணினி, முன்பக்கக் கேமராவால் முகத்தைப் பின்தொடர்ந்து, கண் போகும் இடத்துக்குப் படத்தைத் திருப்பிவிடுகிறது. பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தால் அவருக்குப் படம் சரியாகத் தெரியாது.