மலையில் மூச்சுத் திணறும் கார்!

மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டி மலையில் ஏற, பழைய சொகுசுக் கார் திணறுகிறதா? புகையில் அழுகிய முட்டை நாற்றமா? ஆறிய பின் புகைக்குழாயைத் தட்டினால் உள்ளே கலகலக்கிறதா?

"கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்" கெட்டிருக்கலாம்!

புகையின் நஞ்சை முறிக்கும் கருவி இது. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான். அதன்மேல் பிளாட்டினம் பூச்சு. 1995-ல் சென்னை உள்பட 4 பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயம் ஆயிற்று.

உடனே புதிது மாட்டலாமா? கூடாது!

ஸ்பார்க் பிளக் பழுதானால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். பீங்கான் உருகி, புகைவழி அடைபடும். முதலில் பிளக்கைச் சரி செய்யவேண்டும். இல்லையேல் புதியதும் கெடும், காசு கரியாகும்.

கழற்றிவிட்டு வெறும் குழாய் மாட்டுவோரும் உண்டு. அது ஆபத்து! கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆளைக் கொல்லும்.