கோரையின் கையிருப்பு

சில ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்த வீட்டுத் தோட்டம் பார்வைக்கு ஒரே புதராகத் தோன்றினாலும், அதில் மண்டியிருக்கும் களைகள் எல்லாம் ஒரே இயல்பு உடையவை அல்ல. வெண்ணிறப் பூக்களுடன் இடுப்பளவு உயர்ந்து நிற்கும் பார்த்தீனியமும், நடைபாதை ஓரத்திலிருந்து பாத்திக்குள் படர்ந்துவரும் அருகம்புல்லும், பாத்தி முழுவதும் நெருக்கமாக முளைத்திருக்கும் கோரையும் அடுத்தடுத்து வளர்ந்தாலும், அடுத்த பருவத்துக்கு வேண்டிய உயிரை அவை வெவ்வேறு இடங்களில் சேர்த்து வைக்கின்றன. பார்த்தீனியத்தின் இருப்பு விதையிலும், அருகின் இருப்பு தண்டின் கணுக்களிலும், கோரையின் இருப்பு மண்ணுக்கடியிலுள்ள கிழங்குகளிலும் அடங்கியிருக்கிறது. ஒன்றை ஒழிக்கும் முறை மற்றொன்றைப் பெருக்கிவிடக்கூடும் என்பதால், மண்வெட்டியைக் கையில் எடுப்பதற்கு முன் எந்தக் களை எங்கே தன் இருப்பை வைத்திருக்கிறது என்று கண்டறிவதே தோட்டத்தைச் சீரமைப்பதன் முதல் வேலை.

விதையால் பெருகுபவை

பார்த்தீனியம், சாரணை, குப்பைமேனி போன்றவை விதையை நம்பி வாழ்பவை. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட பார்த்தீனியம், 1950களின் நடுவில் புனேயில் கண்டறியப்பட்டு, பின்னர் இந்தியா முழுவதும் பரவியது. நன்கு வளர்ந்த ஒரே செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்க வல்லது. இவ்வாறு உதிர்ந்து, முளைக்கும் தருணம் வரும்வரை மண்ணில் உறங்கிக் கிடக்கும் விதைகளின் தொகுப்பை வேளாண் அறிவியலார் 'விதை வங்கி' என்று அழைக்கின்றனர். அந்த வங்கியில் புதிய விதை சேராமல் தடுப்பதும், ஏற்கெனவே உள்ளதை முளைக்கவைத்து அழிப்பதும்தான் இவ்வகைக் களைகளை ஒழிக்கும் வழி.

மண் ஈரமாக இருக்கும்போது, பூ வருவதற்கு முன்பே செடியை வேரோடு பிடுங்குவது முதற்பணி. பார்த்தீனியம் தோலில் அரிப்பையும் ஒவ்வாமையையும் உண்டாக்கும் என்பதால் கையுறை அணிய வேண்டும். பூத்துவிட்ட செடியை எருக்குழியில் போடக் கூடாது. அடுத்ததாக, பாத்தியைச் சமன் செய்து நீர்விட்டு, பத்துப் பதினைந்து நாட்களில் முளைத்துவரும் களை நாற்றுகளை மண்ணைப் புரட்டாமல் மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டு, அதன் பிறகே காய்கறி விதையை ஊன்ற வேண்டும். ஆழமாகக் கொத்தினால் அடியில் உறங்கும் விதைகள் வெளிச்சத்துக்கு வந்துவிடும் என்பதால், மேலாகச் சுரண்டுவதோடு நிறுத்திக்கொள்வது அவசியம். தரிசு நிலத்துப் பார்த்தீனியத்தின் மீது உப்புக் கரைசல் தெளிப்பது வழக்கத்தில் உள்ளதுதான் என்றாலும், பயிர் செய்யவிருக்கும் பாத்தியில் உப்பைச் சேர்ப்பது மண்ணையே கெடுத்துவிடும்.

கணுவால் பெருகும் அருகு

அருகம்புல்லுக்கு இருவகைத் தண்டுகள் உண்டு. தரைமேல் படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும் தண்டு ஓடுதண்டு எனவும், மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடும் தண்டு மட்டநிலத்தண்டு எனவும் தாவரவியலில் வழங்கப்படுகின்றன. இரண்டிலும் ஒவ்வொரு கணுவும் தனிச்செடியாகும் ஆற்றல் பெற்றிருப்பதால், மண்வெட்டியால் கொத்திப்போட்ட ஒரு கொடி பல துண்டுகளாகச் சிதறி, அடுத்த மழையில் அத்தனை துண்டுகளும் தழைத்துவிடும். ஆகவே, கடப்பாரையால் மண்ணை நெம்பித் தளர்த்தி, தண்டை அறுபடாமல் கையால் இழுத்தெடுத்து, கோடை வெயிலில் சருகாகும்வரை காயவிடுவதே தகுந்த முறை. அருகு வெயிலை விரும்பும் புல். அடர்ந்த நிழலில் அது மெலிந்துபோகும். அதனால், தண்டுகளைப் பொறுக்கியெடுத்த பின் கெட்டியான அட்டைகளை விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி விரித்து, அவற்றின்மேல் வைக்கோலோ தென்னை மட்டையோ கனமாகப் பரப்பி மூடாக்கு இட்டால், மிஞ்சிய துண்டுகளும் வெளிச்சமின்றி நலியும்.

கிழங்கால் பெருகும் கோரை

லீராய் ஹோம் முதலிய அறிஞர்கள் 1977இல் வெளியிட்ட, உலகின் மிக மோசமான களைகளைப் பற்றிய நூலில் முதலிடம் பெற்றது, சைபெரஸ் ரொட்டண்டஸ் என்னும் அறிவியல் பெயர் கொண்ட இந்தக் கோரைதான். அருகுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. கோரையைப் புல் என்று கருதிப் புல்லுக்குரிய முறைகளைக் கையாள்வதால் உழைப்பு வீணாவதே மிகுதி. அதன் பூந்தண்டை இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும்; புல்லின் தண்டோ உருண்டையாகவும் கணுக்களுடனும் இருக்கும். கோரையைப் பிடித்து இழுத்தால் இலைக்கொத்தும் அதன் தடித்த அடிப்பகுதியும் மட்டும் எளிதாகக் கையோடு வந்துவிட, அறுந்த நூல்போன்ற மெல்லிய தண்டின் மறுமுனையில் கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தோண்டிப் பார்த்தால், கருமை கலந்த பழுப்புத் தோலும் வெண்ணிறச் சதையும் நறுமணமும் கொண்ட சிறு கிழங்குகள், ஒன்றோடொன்று மட்டநிலத்தண்டால் பிணைக்கப்பட்டுத் தொடராகக் கிடப்பதைக் காணலாம். சித்த மருத்துவத்தில் முத்தக்காசு என்று போற்றப்பட்டு நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படுவதும் இதே கிழங்குதான்.

இந்தத் தொடரில் எல்லாக் கிழங்குகளும் ஒரே நேரத்தில் முளைப்பதில்லை. முன்னே உள்ள கிழங்கு முளைத்து வளர்ந்துகொண்டிருக்கும்வரை பின்னுள்ளவற்றின் மொட்டுகள் அடங்கிக் கிடக்கும். இதனை நுனி ஆதிக்கம் என்பர். தொடரை அறுத்ததும் அந்த ஆதிக்கம் நீங்கி, உறங்கிய கிழங்குகள் தனித்தனியே முளைத்தெழும். சுழல் கலப்பையால் ஒரே ஒருமுறை உழுதுவிட்டு நிறுத்தப்பட்ட தோட்டத்தில், சில வாரங்களில் கோரை முன்னைவிட அடர்த்தியாகக் காணப்படுவதற்குக் காரணம் இதுவே. எனவே, அறுப்பதானால் அறுபட்ட கிழங்குகளைக் காயவைப்பதற்கோ, முளைப்பவற்றை விடாமல் வெட்டுவதற்கோ ஆயத்தமாக இருந்துகொண்டே அறுக்க வேண்டும்.

கிழங்குகளில் பெரும்பாலானவை மேல்மண்ணில், ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருப்பதும், அவை வறட்சியைத் தாங்க மாட்டாதவை என்பதும் தோட்டக்காரருக்குச் சாதகமான செய்திகள். சித்திரையிலும் வைகாசியிலும் மண்ணைப் புரட்டி, நீர்விடாமல், கட்டிகளைச் சில நாட்களுக்கு ஒருமுறை உடைத்துத் திருப்பிப்போட்டால், வெயிலில் கிடக்கும் கிழங்குகள் ஈரம் வற்றிச் சாகும். மரபாகச் செய்யப்படும் கோடை உழவின் பயன்களுள் இதுவும் ஒன்று. ஈரக்கட்டிக்குள் பொதிந்து கிடக்கும் கிழங்கு தப்பிவிடும் என்பதால், கட்டியை உடைக்கும் வேலையை விட்டுவிடக் கூடாது.

எஞ்சியவற்றைத் தீர்ப்பதற்கு உள்ள வழி, கிழங்கின் சேமிப்பைச் செலவழிக்கவைப்பது. முளைத்த சில வாரங்களிலேயே கோரை புதிய கிழங்குகளை உருவாக்கத் தொடங்கிவிடும் என்பதால், இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை தளிர்களைத் தரைக்குச் சற்றுக் கீழே களைக்கொத்தால் வெட்டிவந்தால், தாய்க்கிழங்கு தன் மாவுச்சத்தைச் செலவிட்டு மீண்டும் மீண்டும் முளைக்க முயன்று, ஈடுசெய்யும் இலை இல்லாமல் ஓய்ந்துபோகும். இதில் இரண்டு மாதம் இடைவெளி விட்டால் பழைய இருப்பு திரும்பச் சேர்ந்துவிடும்.

நெகிழித் தாளும் நிழலும்

கறுப்பு நெகிழித் தாளால் மூடினால் எல்லாக் களையும் அழியும் என்ற எண்ணம் கோரையிடம் பொய்த்துப்போகிறது. இருளில் அதன் முளை விரியாமல் கூர்மையாகவே நீண்டு தாளைத் துளைத்து வெளியேறிவிடும். ஒளி ஊடுருவும் தாளின் அடியிலோ, வெளிச்சம் பட்டதும் இலைகள் விரிந்துவிடுவதால் துளைக்கும் கூர்மை குறைய, தாளுக்கடியில் தேங்கும் வெப்பத்தில் அவை கருகுகின்றன. ஈரமண்ணின் மேல் இத்தாளை விரித்து ஓரங்களை மண்ணால் அடைத்துக் கோடையில் நான்கு முதல் ஆறு வாரம் விடுவதற்கு மண் வெப்பமூட்டல் என்று பெயர். மேலடுக்கிலுள்ள விதைகளை அது நன்கு அழித்தாலும், ஆழத்திலுள்ள கிழங்குகளுக்கு அந்த வெப்பம் போதுமான அளவு எட்டுவதில்லை.

கோரையின் மெய்யான பலவீனம் நிழல். ஆடி மழைக்குச் சணப்பையோ தட்டைப்பயறோ நெருக்கமாக விதைத்தால், அவற்றின் இலைக்கூரையின் கீழ் கோரை மெலியும். பின்னர் அவற்றை மடக்கி உழாமல், தரைமட்டத்தில் அறுத்து அங்கேயே மூடாக்காகப் பரப்பினால், கிழங்குத் தொடர் மீண்டும் அறுபடுவதையும் தவிர்க்கலாம். சர்க்கரைவள்ளியும் பூசணியும் இதே பணியை ஓரளவு செய்யும். வெங்காயம், கொத்தமல்லி போன்று நிழல் தராத பயிர்களைக் கோரை மிகுந்த பாத்தியில் முதல் ஆண்டில் நடாமல் இருப்பதே நல்லது.

களைக்கொல்லி எவ்வளவு உதவும்

இலையில் தெளிக்கப்படும் கிளைபோசேட், இலையில் உருவாகும் உணவோடு சேர்ந்து கிழங்குவரை செல்லக்கூடிய களைக்கொல்லி. ஆயினும், முளைவிடாமல் உறங்கும் கிழங்குக்கு மருந்தை உறிஞ்ச இலை இல்லாததால், ஒரே தெளிப்பில் கோரை தீர்ந்துவிடுவதில்லை. காற்றில் சிதறும் துளி அருகிலுள்ள கறிவேப்பிலையையும் வாழையையும் தாக்கவும் கூடும். மேலும், பூச்சி கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாகவன்றிப் பிறர் கிளைபோசேட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது; எனவே, நடப்பு விதியை அறியாமல் வீட்டுக்காரர் தாமே வாங்கித் தெளிக்கும் மருந்தாக அதைக் கருத இயலாது.

ஒழித்த தோட்டத்துக்குள் கோரை திரும்பி வருவதும் பெரும்பாலும் மனிதக் கைகளால்தான். வண்டியில் வந்திறங்கும் செம்மண்ணிலும், நாற்றங்காலில் வாங்கிய செடியின் பையிலும், பக்கத்துப் பாத்தியில் பயன்படுத்திய மண்வெட்டியில் ஒட்டிய மண்ணிலும் கிழங்கு வந்து சேர்கிறது. சரியாக மக்காத சாணத்தின் வழியே களை விதைகள் வருகின்றன. புதுச்செடியை நடுவதற்கு முன் பையைக் கிழித்து, வேர்மண்ணில் கோரைத் தளிரோ கிழங்கோ உள்ளதா என்று பார்ப்பது சில நிமிட வேலை. தவறவிட்டால் சில ஆண்டுகளின் உழைப்பு வீணாகும்.

மேலே பச்சை தெரியவில்லை என்பதாலேயே கோரை ஒழிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. இரண்டாம் கோடை முடிந்ததும் பாத்தியில் சில இடங்களில் ஒரு மண்வெட்டி ஆழத்துக்குத் தோண்டி, கிடைக்கும் கிழங்குகளை நறுக்கிப் பார்க்க வேண்டும். சதை வெண்மையாகவும் கெட்டியாகவும் இருந்தால் இன்னொரு பருவம் நிழற்பயிரே தேவை. சுருங்கிக் கறுத்து உள்ளீடற்றுப் போயிருந்தால் அந்தப் பாத்தியில் வெங்காயத்தையும் துணிந்து நடலாம்.