பலவின மீன் தொட்டியில் சண்டை மீன்

அலங்கார மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் வழக்கம் நகரங்களோடு நின்றுவிடாமல் கிராமங்களிலும் பரவியிருக்கிறது. இம்மீன்களின் வியாபாரத்திற்குச் சென்னையிலுள்ள கொளத்தூர் பேர்போன இடம். தொட்டியில் விடுவதற்கென்று பலநிற மீன்களை வாங்குவோர், வியாபாரிகள் 'ஃபைட்டர்' என்று வழங்கும் சண்டை மீனின் அழகைக் கண்டு, அதிலும் ஒன்றிரண்டை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விட்டுவிடுவதுண்டு. ஓரிரு தினங்களில் சில மீன்கள் துடுப்புக் கிழிந்து மூலையில் ஒதுங்குகின்றன. சில மாண்டு மிதக்கின்றன. உடனே மீனின் துஷ்ட சுபாவத்தின்மேல் பழி சுமத்தப்படுகிறது. உண்மையில் குற்றம் மீனுடையதன்று. அதன் பூர்வீகத்தை அறியாமல் தொட்டியை அமைத்ததே குற்றம்.

நெல் வயலில் பிறந்த மீன்

சண்டை மீனின் தாயகம் தாய்லாந்து தேசம். அங்குச் சாவோ பிரயா நதி பாயும் சமவெளியின் நெல் வயல்களிலும், வாய்க்கால்களிலும், சதுப்பு நிலங்களிலும் இது இயற்கையாக வாழ்கிறது. அந்நாட்டார் இதனைப் 'பிளா கட்' என்பர். கடிக்கும் மீன் என்பது பொருள். 1910-ம் ஆண்டில் சார்லஸ் டேட் ரீகன் என்னும் ஆங்கில அறிஞர் இதற்குப் 'பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்' என்று சாஸ்திரப் பெயரிட்டார். 2019-ம் ஆண்டில் தாய்லாந்து அரசாங்கம் இதனைத் தேசிய நீர்வாழ் பிராணியாக அறிவித்தது.

வயலின் ஜலம் ஆழமற்றது, ஓட்டமற்றது, பயிரும் களையும் அடர்ந்தது, வெப்பமானது. அத்தகைய ஜலத்தில் பிராணவாயு குறைவு. ஆகையால் இம்மீனுக்குச் செவுளோடுகூட, அதற்கு மேற்புறத்தில் மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு அமைந்திருக்கிறது. அடிக்கடி மேலே வந்து காற்றை வாயால் விழுங்கி, அவ்வுறுப்பினால் சுவாசிக்கும். நம் ஏரி குளங்களிலுள்ள பனையேறி மீனிடத்தும் இதே அமைப்பு உண்டு.

ஆண் மீன் தனக்கென்று ஒரு சிறு இடத்தை வரையறுத்துக்கொண்டு, ஜலத்தின் மேல் நுரைக் கூடு கட்டி, அதில் முட்டைகளையும் குஞ்சுகளையும் காக்கிறது. வரப்பைத் தாண்டி வந்த மாட்டை விரட்டும் குடியானவனைப்போல, எல்லைக்குள் வந்த மற்றோர் ஆண் மீனை எதிர்க்கிறது. வயலில் இச்சண்டை பெரும்பாலும் நீடிப்பதில்லை. தோற்ற மீன் களைக்குள் புகுந்து ஓடிவிடும். கண்ணாடித் தொட்டியிலோ ஓடுவதற்கு இடமில்லை. தோற்ற மீன் தோற்ற இடத்திலேயே மீண்டும் மீண்டும் கடிபடுகிறது. தொட்டியில் நேரும் சாவுகளுக்கு முக்கிய காரணம் இதுவே. சண்டைக்கென்றே மனிதர் பொறுக்கி வளர்த்ததாலும் இதன் குணம் கடுமையாயிற்று. இதனை மனிதர் வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கவேண்டும் என்று 2022-ல் வெளியான மரபியல் ஆராய்ச்சி கூறுகிறது.

தொட்டியும் ஜலமும்

கடைகளில் இம்மீனைச் சிறு குப்பிகளில் வைத்திருப்பதைக் கண்டு, அதுவே போதுமென்று எண்ணுவது தவறு. காற்றைச் சுவாசிப்பதால் அழுக்கு ஜலத்திலும் சில காலம் உயிர் தரித்திருக்கும், செழித்திருக்கமாட்டாது. கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா அதன் செவுளையும் துடுப்பையும் அரித்துவிடும்.

பல மீன்களோடு வளர்ப்பதற்கு 2 அடி நீளமும், 1 அடி அகலமும், 1 அடி உயரமும் உள்ள தொட்டி வேண்டும். மேலே 2 அங்குலம் காலியாக விட்டு நிரப்பினால் சுமார் 47 லிட்டர் ஜலம் கொள்ளும். அக்காலி இடம் மீன் காற்றை விழுங்குவதற்கு அவசியம். இம்மீன் துள்ளக் கூடியதாதலால் காற்றுப் புகும் மூடி ஒன்றும் வேண்டும். வேலம்பாசி முதலிய நீர்ச்செடிகளை ஒரு பக்கம் அடர்த்தியாக வளர்த்து, சட்டி ஓடுகளையும் கற்களையும் கொண்டு சிறு மறைவிடங்கள் அமைக்கவேண்டும். விரட்டப்படும் மீன் கண்ணுக்கு மறைவதற்கு இடமிருந்தால் சண்டையில் பாதி அடங்கிவிடும்.

ஜலத்தின் வெப்பம் 25 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வரை இருத்தல் நலம். குழாய் ஜலத்தில் குளோரின் கலந்திருந்தால், ஒரு நாள் முழுவதும் திறந்த பாத்திரத்தில் வைத்த பின்பே உபயோகிக்கவேண்டும். உவர்ப்பு மிகுந்த கிணற்று ஜலத்தை விலக்குக. நீண்ட துடுப்புடைய இம்மீன் வேகமான ஓட்டத்தில் களைத்துப்போகுமாதலால், மெதுவாகக் காற்றுக் குமிழி விடும் பஞ்சு வடிகட்டி ஏற்றது.

வயலில் இட்ட அம்மோனியம் சல்பேட்டு உரம் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறுவதை விவசாயிகள் அறிவர். தொட்டியிலும் அதே வகை நுண்ணுயிர்களே அமோனியாவை மாற்றுகின்றன. அவை பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் வரை ஆகும். ஆகையால் புதுத் தொட்டியில் முதல் நாளே மீன்களை நிரப்பலாகாது.

துணை மீன்கள்

ஒரு தொட்டிக்கு ஆண் சண்டை மீன் ஒன்றே. இவ்விதிக்கு விலக்கு இல்லை. பெண் மீனையும் உடன் விடலாகாது. இனப்பெருக்கக் காலத்தில் கூட்டைக் காக்கும் ஆண், அருகில் வரும் மீன் எதுவாயினும் தாக்கும். பெண் மீன்களுக்குள்ளும் சண்டை உண்டு.

கூட்டமாகத் திரியும் ராஸ்போரா, இலங்கையைச் சேர்ந்த சாதுவான செர்ரி பார்ப், அடித்தரையில் மேயும் கோரிடோராஸ், நத்தைகள் ஆகியவை பொதுவாக ஒத்துப்போகும். மேற்கூறிய தொட்டியில் ஓர் ஆண் சண்டை மீனும், ஆறு ராஸ்போராக்களும், சில நத்தைகளும் போதும். மேலும் சேர்க்க விரும்புவோர் தொட்டியைப் பெரிதாக்கவேண்டும்.

பிறர் துடுப்பைக் கடிக்கும் டைகர் பார்ப் ஆகாது. விரிந்த வண்ண வாலுடைய ஆண் கப்பியைத் தன் எதிரியென்று சண்டை மீன் மயங்குவதுண்டு. கௌராமி இதற்கு நெருங்கிய இனமாதலால் பகை மூளும். தங்கமீன் குளிர்ந்த ஜலத்தை விரும்புவது, கழிவும் மிகுதி. இவற்றை விலக்குக.

விடும் முறை

துணை மீன்களை முதலில் விட்டு, அவை பழகிய பின்பு சண்டை மீனை விடுவது உத்தமம். முந்தி விட்டால் தொட்டி முழுவதையும் தன் எல்லையாகக் கொண்டுவிடும். புதிதாக வாங்கிய மீனை இரண்டு வாரம் வேறு பாத்திரத்தில் வைத்து, நோயில்லையென்று கண்டபின், அதை ஒரு பையில் இட்டுத் தொட்டியில் 20 நிமிஷம் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானதும் திறந்துவிடவேண்டும்.

முதல் இரண்டு வாரம் தினந்தோறும் கவனித்தல் அவசியம். சிறிது நேரம் செவுளை விரித்துக் காட்டி விலகுவது இயல்பு. இடைவிடாது துரத்துதல், துடுப்புக் கிழிதல், இரை எடாமல் ஒதுங்குதல் ஆகிய குறிகள் கண்டால் அன்றே பிரித்துவிடவேண்டும். அதற்காகத் தனிப் பாத்திரம் ஒன்று எப்பொழுதும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். ஒரே இனத்திலும் சாதுவானதும் கொடியதும் உண்டு. சில மீன்கள் தனிமையில்தான் வாழும்.

இரையாகக் கொசுப்புழுக்களையோ கடையில் விற்கும் உருண்டைகளையோ காலை மாலை இருவேளை, இரண்டு நிமிஷத்தில் தின்று தீரும் அளவே இடுக. மிஞ்சியது அழுகி ஜலத்தைக் கெடுக்கும். வாரத்திற்கு ஒருமுறை தொட்டி ஜலத்தில் கால் பங்கை மாற்றுக.

வேண்டாத மீனை ஏரியிலோ, குளத்திலோ, வாய்க்காலிலோ விடுவது கூடாது. அயல்நாட்டு மீனும் அதனோடு வரும் நோயும் நம் நீர்நிலைகளுக்குக் கேடு செய்யக்கூடும். தொட்டி வைத்துள்ள பள்ளிகளில் பிள்ளைகளுக்கு இதனை எடுத்துச் சொல்லுதல் கிராம அதிகாரிகளின் கடமையாகும்.

மண்ணின் குணமறிந்து விதை தெளிப்பவர் விளைவைக் காண்கிறார். அவ்வாறே மீனின் குணமறிந்து துணை சேர்ப்பவர், மூன்று ஆண்டு வரையிலும் அதன் அழகைக் கண்டு களிக்கலாம்.