கிளட்ச் விட்டால் ‘டக்’... வேகம் எடுத்தால் ‘கிடுகிடு’! பழைய பிக்கப்பில் முதலில் பார்க்க வேண்டியது எது?

தக்காளிப் பெட்டிகளை அடுக்கி, தார்ப்பாய் கட்டி, அதிகாலை 3 மணிக்கு மார்க்கெட்டுக்குக் கிளம்பும் நேரம். கிளட்சை விட்டதும் வண்டிக்கு அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். மெயின் ரோடு ஏறி 50 கி.மீ வேகத்தைத் தொட்டதும் சீட்டுக்கு அடியில் கிடுகிடுவென அதிர்வு. 60-ஐத் தாண்டினால் குறைந்துவிடுகிறது. ‘ஓடுற வரைக்கும் ஓடட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்த பிக்கப்போ, குட்டி யானையோ வைத்திருப்பவர்களில் பலருக்கும் இது பழகிப்போன சத்தம்.

பிறகு ஒருநாள் ஒர்க்‌ஷாப்பில் விட்டால், ‘கியர்பாக்ஸை இறக்கணும், கிரவுனையும் மாத்தணும்’ என்று பெரிய தொகையாகச் சொல்வார்கள். விலை கிடைக்காத சீசனில் அது ஒரு போகத்து வருமானம். ஆனால், இப்படிப்பட்ட சத்தங்கள் பெரும்பாலும் தொடங்குவது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிராஸில்தான்.

கியர்பாக்ஸில் இருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது புரொப்பல்லர் ஷாஃப்ட் என்கிற நீளக் குழாய். பள்ளம் மேட்டில் பின் அச்சு ஏறி இறங்குவதற்குத் தகுந்தபடி அது வளைந்து கொடுக்க வேண்டும். அதற்காக இரு முனையிலும் சிலுவை வடிவில் இருப்பதுதான் கிராஸ். அதன் நான்கு முனைகளிலும் கிண்ணம் போன்ற மூடிக்குள் ஊசி பேரிங்குகள் இருக்கும். சேற்று வயலில் இறங்கி ஏறும் வண்டியில் கிரீஸ் கழுவிப்போய், இந்த ஊசிகள் துருப்பிடித்துத் தேய்கின்றன. ஷாஃப்ட் இரண்டு துண்டாக உள்ள வண்டிகளில் நடுவில் ரப்பரோடு ஒரு சென்டர் பேரிங்கும் உண்டு. அந்த ரப்பர் கிழிந்தால், லோடோடு கிளம்பும்போது வண்டி உதறும்.

சத்தம் எப்போது வருகிறது?

ஒர்க்‌ஷாப்புக்குப் போவதற்கு முன் இதைக் கவனித்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. கிளம்பும்போதும், ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் ஒரே ஒரு ‘டக்’ என்றால் சந்தேகம் கிராஸ் மேல். மெதுவாகப் போகும்போது ‘கீச் கீச்’ என்று தொடங்கி, வேகத்தோடு சேர்ந்து வேகமாகிற சத்தமும் காய்ந்துபோன கிராஸின் அடையாளமே. ஸ்டீயரிங் ஆடினால் முதலில் முன் டயர்களையும் வீல் பேலன்ஸையும் பார்க்க வேண்டும். சீட்டும் தரையும் அதிர்ந்தால் ஷாஃப்ட், சென்டர் பேரிங், பின் டயர் பக்கம் போகலாம்.

ஆள் நடமாட்டமில்லாத நேரான சமதள ரோட்டில், அதிர்வு வரும் வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்க்கலாம். இன்ஜினை அணைக்கக் கூடாது. அணைத்தால் பிரேக் கெட்டியாகிவிடும். நியூட்ரலிலும் அதிர்வு அப்படியே இருந்தால் கோளாறு ஷாஃப்டிலோ சக்கரத்திலோதான். நின்றுவிட்டால் இன்ஜின் மவுண்டிங், கிளட்ச், அல்லது இழுவையின்போது ஷாஃப்ட் நிற்கும் சாய்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நிற்கும் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலே அதிர்ந்தால் ஷாஃப்டைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது கைச்சோதனை. சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வைத்து, இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விட வேண்டும். சைலன்சர் சூடு ஆறிய பிறகு அடியில் போய், ஒரு கையால் ஷாஃப்டையும் மறு கையால் அதை ஒட்டிய கவட்டையையும் பிடித்து எதிரெதிராக முறுக்க வேண்டும். மேலும் கீழும் அசைக்க வேண்டும். கிராஸில் ஆட்டம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். மூடியைச் சுற்றி செம்மண் நிறத்தில் துருப்பொடி இருந்தாலும் அப்படியே. ஆனால் ஷாஃப்ட் முழுவதும் கொஞ்சம் திரும்பி நின்றால், அது கிரவுன் பினியன் பற்களுக்கு இடையே இயல்பாக இருக்கும் இடைவெளி. அதைக் காட்டி கிரவுனை மாற்றச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். கீழே இருக்கும்போதே ஷாஃப்டில் சாக்குக் கயிறு ஏதாவது சுற்றியிருக்கிறதா, சேறு அப்பியிருக்கிறதா, குழாய் நசுங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். சேற்றைச் சுரண்டியதுமே அதிர்வு நின்றுபோன வண்டிகள் உண்டு.

கழற்றும் முன் பெயின்ட் குறி

கிராஸ் மாற்றிய பிறகு அதிர்வு கூடிவிட்டது என்று புலம்புகிறவர்கள் பலர். காரணம் பெரும்பாலும் புது கிராஸ் அல்ல. ஷாஃப்ட் தொழிற்சாலையிலேயே பேலன்ஸ் பார்த்து வருவது; குழாயில் ஒட்டவைத்திருக்கும் சின்னத் தகடுகள் அதற்குத்தான். கழற்றும் முன் பிளேஞ்சிலும் ஷாஃப்டிலும், நடுவில் வழுக்கி நீளும் பல் இணைப்பின் இரு பக்கமும் பெயின்டால் கோடு போட்டு, அதே கோட்டில் திரும்பப் பூட்ட வேண்டும். ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் இரண்டு கவட்டைகளும் ஒரே நேரில் நிற்காது. வண்டி முன்பைவிட மோசமாக அதிரும். கோடு போடுவதற்கு இரண்டு நிமிடம் போதும். பக்கத்தில் நின்று கேட்டு வாங்க வேண்டிய வேலை இது.

இன்னொரு விஷயம், பலரும் தெரியாமலேயே செய்வது. கூடுதல் லோடுக்காகப் பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை சேர்த்தால் வண்டியின் பின்பக்கம் உயர்கிறது, ஷாஃப்டின் சாய்வு மாறுகிறது. கிராஸ் எப்போதும் அதிகக் கோணத்திலேயே வேலை செய்து சீக்கிரம் தேயும். பட்டை உடைந்து தொங்கினாலும், யூ போல்ட் தளர்ந்தாலும் இதே கதைதான். வருடத்துக்கு ஒரு கிராஸ் மாற்றும் வண்டி என்றால் முதலில் பட்டைகளைப் பார்க்க வேண்டும்.

‘ஊ’ என்று ஊளையிடும் சத்தம் வேறு ரகம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு மாதிரியும், விட்டால் வேறு மாதிரியும் கேட்டால் கிரவுன் பினியன் அல்லது பினியன் பேரிங். உடனே பிரிக்க வேண்டாம். ஆயில் மட்டத்தைப் பாருங்கள். ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை இருக்க வேண்டும். இங்கே இன்ஜின் ஆயில் ஆகாது. வண்டியின் கையேட்டில் சொன்ன கியர் ஆயில்தான் வேண்டும். பின் அச்சின் மேல் இருக்கும் சின்னக் காற்றுப்போக்கி சேற்றில் அடைபட்டால், உள்ளே அழுத்தம் கூடி ஆயில் சீல் வழியாகக் கசியும். வடித்த ஆயிலில் இரும்புச் சில்லு இருந்தால் மட்டும் கிரவுனைப் பிரிப்பதில் அர்த்தமுண்டு.

நிப்பிள் உள்ள கிராஸாக இருந்தால், சேற்றில் இறங்கிய பிறகெல்லாம் நான்கு மூடியிலும் புது கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை அடிக்க வேண்டும். ஒரு மூடியில் வரவில்லை என்றால் அந்தப் பேரிங் காய்ந்துகிடக்கிறது. அதைக் கவனிக்காமல் ஓட்டி, ஓடும்போது முன்பக்கக் கிராஸ் விட்டுப்போனால், ஷாஃப்ட் தரையில் குத்தி வண்டியையே தூக்கிவிடும். ‘டக் டக்’ என்று அடிக்கத் தொடங்கிவிட்ட வண்டியில் அன்றைக்கு லோடு ஏற்றக் கூடாது. வாடகை வண்டி பிடித்தாவது பெட்டிகளை அனுப்பிவிட்டு, வண்டியை நிறுத்திவைப்பதே சரி.