சாயத் தூளும் கடலைப் பூஞ்சணமும்

நம் சங்கத்துப் பதிவேட்டில் தறி வைத்திருப்போரும் இருக்கின்றனர். மணிலாக்கொட்டை பயிரிடுவோரும் இருக்கின்றனர். ஒருவருக்கு நூல் விலையைப் பற்றிய கவலை; மற்றவருக்கு மழையைப் பற்றிய கவலை. இவ்விருவருக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டென்று சொன்னால் எளிதில் நம்பமாட்டார்கள். ஆயினும் உண்மை அதுவே. சில வகைச் சாயங்களின் தூளும், ஈரக் கடலையில் படரும் பச்சைப் பூஞ்சணத்தின் நஞ்சும் உடலுக்குள் சென்றபின் செய்கின்ற வேலை ஏறத்தாழ ஒன்றேயாகும். இரண்டும் நம் உயிரணுக்களின் உள்ளே எழுதப்பட்டுள்ள எழுத்தைக் கெடுக்கின்றன.

அவ்வெழுத்து யாது என்பதை நெசவாளருக்கு விளக்குவது சுலபம். ஜக்கார்டு தறியில் அட்டையில் குத்திய துளைகளின்படியே சேலையில் பூ விழுகிறது. துளை ஒன்று இடம் மாறினால், அந்தப் பிழை ஒரு சேலையோடு நிற்காமல், அந்த அட்டையைக் கொண்டு நெய்யும் ஒவ்வொரு சேலையிலும் திரும்பத் திரும்ப வரும். உயிரணுவின் நடுவில் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உள்ளது. முறுக்கிய இரட்டைப் புரி போன்ற அதன் வடிவம் 1953-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நான்கே வகை எழுத்துகள் முந்நூறு கோடி இடங்களில் வரிசையாக அமைந்து, எந்த அணு எப்போது வளரவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்று கட்டளையிடுகின்றன. அணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் இவ்வெழுத்து முழுவதும் படி எடுக்கப்படுகிறது. படியில் பிழை நேர்ந்து, அது ‘நில்’ என்ற கட்டளை இருக்குமிடமாகவும் அமைந்துவிட்டால், அந்த அணு நில்லாமல் பெருகத் தொடங்கும். புற்றுநோயின் ஆரம்பம் பெரும்பாலும் இத்தகையதே.

சாயத்திற்கும் இதற்கும் உள்ள தொடர்பு நெடுநாளாக அறியப்பட்டது. 1856-இல் இங்கிலாந்தில் பெர்க்கின் என்னும் இளைஞர் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். நாற்பது ஆண்டு நிறைவதற்குள், 1895-இல், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து வைத்தியர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் காண்பதை எடுத்துரைத்தார். பென்சிடின், நாப்தைலமின் என்னும் மூலப்பொருள்களே குற்றவாளிகள் என்பது பின்னர் உறுதியாயிற்று. பென்சிடினிலிருந்து செய்யப்படும் சாயத்தை உட்கொண்டால், குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதை உடைத்து மறுபடியும் பென்சிடினாக்கிவிடுகின்றன. ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் பட்டு உடைகளுக்கு வண்ணம் தீட்டியவர்கள் தூரிகையின் முனையை நாக்கால் நனைத்துக் கூராக்கும் வழக்கம் உடையவர்கள். அவர்களிடையேயும் இந்நோய் கண்டது.

உட்சென்ற பொருள் எழுத்தை எவ்வாறு தொடுகிறது என்பதுதான் வியப்பு. ‘வெண்ணெய் மஞ்சள்’ என்று ஒரு சாயம் இருந்தது. பெயருக்கேற்ப உணவிற்கு நிறமூட்டவே பயன்பட்டது. அதை உண்ட எலிகளுக்கு ஈரல் புற்றுநோய் வருவதை 1930-களில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கண்டனர். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர் என்னும் தம்பதியர், அச்சாயம் எலியின் ஈரலில் கழுவினாலும் போகாதபடி பிணைந்து நிற்பதை 1947-இல் காட்டினர். வந்த வடிவிலேயே அது பிணைவதில்லை. நீரில் கரையாத அந்நியப் பொருளைக் கரைத்துச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதற்காக ஈரல் அதை மாற்றுகிறது. அம்மாற்றத்தின் நடுவழியில், எதனோடும் ஒட்டிக்கொள்ளும் கூர்மையான ஒரு வடிவத்தை அது அடைகிறது. நச்சை நீக்க முயலும் கையே நச்சைத் தீட்டித் தருகிறதென்று சொல்லலாம்.

இனிக் கடலைக் களத்திற்கு வருவோம். 1960-இல் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தன. தீவனத்தைச் சோதித்தபோது, பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூஞ்சணத்தின் நஞ்சு இருப்பது தெரிந்தது. அப்பூஞ்சணத்தின் பெயரிலிருந்தே அதற்கு அப்ளாடாக்சின் என்று பெயர் வந்தது. செயற்கைப் பொருள் யாவும் தீது, இயற்கை யாவும் நன்று என்று நினைப்போர் இதைக் கவனிக்கவேண்டும். எந்தத் தொழிற்சாலையும் செய்யாமல் மண்ணிலுள்ள பூஞ்சணமே ஆக்கும் இந்நஞ்சு, உணவில் அறியப்பட்ட புற்றுநோய்க் காரணிகளுள் மிகக் கொடியவற்றில் ஒன்று.

ஈரல் இதையும் சாயத்தைப் போலவே கூராக்குகிறது. கூரான வடிவம் டி.என்.ஏ.யின் ‘ஜி’ என்னும் எழுத்தில் ஒட்டிக்கொள்ள, படி எடுக்கும்போது அவ்விடத்தில் ‘டி’ என்னும் எழுத்து விழுகிறது. சீனத்தில் யாங்சி ஆறு கடலில் கலக்குமிடத்தில் கிடோங் என்னும் வட்டாரம் உள்ளது. அங்கு மக்காச்சோளமே முக்கிய உணவு; ஈரல் புற்றுநோயும் மிகுதி. அங்கும் ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியிலும் நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்தவர்கள், வளர்ச்சியை நிறுத்தும் பி-53 என்னும் மரபணுவில் குறிப்பிட்ட ஓரிடத்திலேயே இந்த எழுத்து மாறியிருப்பதை 1991-இல் கண்டனர். திருடன் விட்டுச்சென்ற கைரேகை போன்றது அது. பிற்காலத்தில் கிடோங் மக்கள் சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினர். அந்நோயால் இறப்போர் தொகையும் குறைந்தது.

பட்ட அடியெல்லாம் நோயாவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கெட்ட எழுத்தைத் திருத்தும் ஏற்பாடு ஒவ்வொரு அணுவிலும் உண்டு; பெரும்பான்மையான பிழைகள் அன்றன்றே சரிசெய்யப்படுகின்றன. நாள்தோறும் சிறுகச்சிறுகச் சேரும் நஞ்சுக்குத்தான் அத்திருத்தம் ஈடுகொடுக்க இயலாமற்போகிறது. மஞ்சட்காமாலை-பி கிருமி ஈரலில் இருப்பவர்களுக்கு அப்ளாடாக்சினால் வரும் ஆபத்து பன்மடங்கு. குழந்தைகளுக்கு அரசாங்கம் இலவசமாகப் போடும் அக்கிருமித் தடுப்பூசியைத் தவறவிடலாகாது.

இந்நஞ்சு அதிக அளவில் சேர்ந்தால் உடனேயும் கொல்லும். 1974-இல் குஜராத், ராஜஸ்தான் எல்லைக் கிராமங்களில் மழையில் நனைந்து பூத்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். நம்மிடம் அத்தகைய நிலைமை இல்லை. எனினும் கெட்ட கடலையை நாம் என்ன செய்கிறோம்? விற்கத் தகாததைச் செக்கிற்கு அனுப்புகிறோம். பிண்ணாக்கை மாட்டிற்கு வைக்கிறோம். சமைப்பதாலும் வறுப்பதாலும் இந்நஞ்சு முற்றிலும் அழிவதில்லை. செக்கிலாட்டினால் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கி, மாட்டின் வயிற்றின் வழியே சிறிது மாறுதலுடன் பாலில் இறங்குகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368-இல் இந்நஞ்சு அளவுக்கு மேல் இருந்தது. 2019-இல் வெளியான அவ்வறிக்கையில் தமிழ்நாட்டு மாதிரிகள் 551-இல் 88 இவ்வாறிருந்தன. மாநிலங்களில் நாமே முதலில் நின்றோம். பெருமைப்படத் தக்க முதலிடமன்று.

தடுக்கும் வழி பெரும்பாலும் நம் கையில் உள்ளது. காய் முற்றும் கடைசி வாரங்களில் நிலம் காய்ந்து வெடித்தால் பூஞ்சணம் செடியிலேயே ஏறிவிடும். ஒரு தண்ணீர் கொடுக்க வசதியுள்ளவர்கள் அப்போதுதான் கொடுக்கவேண்டும். மண்வெட்டி பட்டு உடைந்த காய், கரையான் அரித்த காய், சுருங்கி நிறம் மாறிய பருப்பு ஆகியவற்றைத் தனியே பொறுக்கிவிட வேண்டும். பிடுங்கிய செடிகளைக் குவித்து வைக்காமல், காய் வெயிலை நோக்குமாறு கவிழ்த்துப் பரப்பவேண்டும். ஈரம் 8 சதவிகித அளவிற்கு இறங்கும் வரையில் உலர்த்தவேண்டும். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிப்பதும், பருப்பைத் தேய்த்தால் தோல் உரிவதும் அடையாளங்கள். எல்லாவற்றிலும் தவறான பழக்கம் ஒன்று நம்மிடம் உண்டு. தோல் உடைக்கும்போது பருப்பு உடையாதிருக்கவும், எடை கூடவும் காயின்மேல் தண்ணீர் தெளிக்கிறோம். இத்தனை நாள் வெயிலில் காயவைத்ததன் பயனை அரைமணி நேரத்தில் இழப்பதற்கு இதனினும் சிறந்த வழி கிடையாது.

தறிக்காரர்களுக்கும் சில வார்த்தைகள். 1990-களில் இந்திய அரசாங்கம் பென்சிடின் வகையையும் வேறு சில வகைகளையும் சேர்ந்த 112 சாயங்களைக் கையாளுவதைத் தடை செய்தது. ஐரோப்பிய நாடுகள் இத்தகைய அமின்கள் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வெளிப்படும் துணியை ஏற்பதில்லை. ஆகவே பெயரில்லாத பொட்டலத்தில் மலிவாகக் கிடைக்கும் தூளை வாங்குவது உடலுக்கும் கேடு, ஏற்றுமதிக்கும் கேடு. நாப்தால் சாயமிடும்போது சேர்க்கும் ‘பேஸ்’ தூள்களிலும் சில இவ்வகையின. தூளை நிறுக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதும், உறையில்லாமல் கையை விடாதிருப்பதும், பட்டறையில் உண்ணாதிருப்பதும் அவசியம். துணிச் சாயத்தைத் தின்பண்டத்தில் கலப்போரும் உளர். ரோடமின்-பி என்னும் துணிச்சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தமிழக அரசு தடை செய்ததை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

கிடங்கைப் பற்றிய ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. இந்நஞ்சு மூட்டை முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. சில பருப்புகளில் மட்டும் மிகுந்திருக்கும். பத்துப் பேர் கடலையை ஒன்றாகக் கொட்டும் சங்கக் கிடங்கில், ஒருவருடைய நனைந்த மூட்டை மற்ற ஒன்பது பேருடைய சரக்கையும் தள்ளுபடியாக்கிவிடும். மேலாக ஒரு கைப்பிடி எடுத்துப் பார்ப்பது சோதனையாகாது. ஒவ்வொரு மூட்டையிலும் மேலும் நடுவும் அடியுமாகக் குத்தி எடுத்து ஒன்றாகக் கலந்து பார்க்கவேண்டும். அதையும் காயை அங்கத்தினரிடமிருந்து பெறும்போதே, குவியலில் சேர்க்குமுன் செய்யவேண்டும்.